கம்பியைப் பற்றிக்கொண்ட சில்லு

காரைக்காலை அடுத்த தருமபுரம், யாழ்முரிநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சம்பந்தர் பாடிய இசை தம் கருவியில் அடங்காமை கண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கத் துணிந்ததையும், சம்பந்தர் தடுத்தருளியதையும் பெரியபுராணம் கூறும். கருவியின்மேல் பழிபோடும் அந்த அவசரம் இக்காலத்தும் உண்டென்பதை அவ்வூரிலேயே கண்டோம்.

நம் மாணவர் ஒருவர், தம் வீட்டு நெல் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறுபெட்டி ஒன்றைச் செய்திருந்தார். ஒருநாள் மழை இரவில் பெட்டி விடியும்வரை ஒரே எண்ணைக் காட்டியது. காலையில் மேல்மூட்டைகள் நமுத்திருந்தன. மீட்டமைக்கும் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. உணரிச் சில்லு கெட்டதெனக் கருதி வேறொன்றைப் பொருத்த, பெட்டி இயங்கியது. இவ்வாறு மூன்று சில்லுகளை அவர் விலக்கிவிட்டார். இயற்பியல் துறை நண்பர் துணையோடு ஆராய்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது.

உணரியும் கட்டுப்படுத்தியும் பேசிக்கொள்வது ஐ-டூ-சி என்னும் முறையில். 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்தது இது. (ஆண்டான், அடிமை என்னும் பொருளுடைய பழைய சொற்களை இதன் விதிநூல் 2021-இல்தான் கைவிட்டது; சொல்லாராய்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று!) இதில் கம்பிகள் இரண்டே. ஒன்று துடிப்புக் கம்பி, மற்றொன்று தரவுக் கம்பி. இரண்டையும் மின்தடைகள் உயரத்தில் நிறுத்தியிருக்கும். எந்தச் சில்லும் கம்பியைக் கீழே இழுக்கலாம். மேலே தள்ள எதற்கும் உரிமையில்லை. ஆகவே ஒன்று பிடித்துக்கொண்டால் ஏனைய யாவும் வாய் மூடவேண்டியதுதான்.

திண்ணைப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஆசான் கோலால் தட்டுந்தோறும் மாணவன் ஓரெழுத்துச் சொல்லவேண்டும். அடுத்த தட்டு வரும்வரை அவ்வெழுத்தையே நீட்டவேண்டும். இடையில் ஆசான் மயங்கி விழுந்து, நடந்ததை மறந்து எழுகிறார். அமைதி நிலவினால்தான் பாடம் தொடங்குவேன் என்கிறார். மாணவனோ அடுத்த தட்டுக்காக எழுத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறான். இருவரும் விதியை மீறவில்லை. பாடம் மட்டும் நடைபெறாது.

பெட்டியிலும் இதுவே நிகழ்ந்தது. பம்புசெட் ஓடத் தொடங்கிய கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து கட்டுப்படுத்தி மீண்டும் தொடங்கியது. குறைந்த அழுத்தத்திலும் விழித்திருந்த உணரி, சுழியம் ஒன்றைச் சொல்லும் நிலையில் தரவுக் கம்பியைக் கீழே பற்றியபடி நின்றது. கம்பி விடுபடும்வரை நிரல் காத்திருக்க, திரை தன் நினைவிலிருந்த பழைய எண்ணையே காட்டியது. பொத்தான் கட்டுப்படுத்தியை மட்டுமே எழுப்பும். மின்கலத் துணையால் உணரிக்கு மின்சாரம் அறவே நின்றதில்லை.

நோயறிய வோல்ட்மீட்டர் போதும். பேச்சில்லாத வேளையில் இரு கம்பிகளும் 3.3 வோல்ட்டை ஒட்டி நிற்கவேண்டும். இங்கே தரவுக் கம்பி சுழியத்தை ஒட்டியும் துடிப்புக் கம்பி உயர்ந்தும் நின்றன. அந்நிலையில் கட்டுப்படுத்தி தரவுக் கம்பியை விட்டுவிட்டு, துடிப்புக் கம்பியில் ஒன்பது துடிப்புகள் வரை தரவேண்டும். எட்டு இருமங்களும் ஓர் ஒப்புகையும் சேர்ந்து ஒன்பது ஆதலின், அதற்குள் உணரி தன் சொல்லை முடித்துக் கம்பியை விடும். பின்னர், துடிப்புக் கம்பி உயர்ந்திருக்கையில் தரவுக் கம்பியை உயர்த்தி நிறுத்தக் குறி தரவேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு என்னும் வேகத்தில் ஒன்பது துடிப்புக்கு ஆகும் நேரம் 90 மைக்ரோ நொடியே.

துடிப்புக் கம்பியே கீழே சிக்கினால் இம்மருந்து பலிக்காது; மின்சாரத்தைத்தான் துண்டிக்கவேண்டும். அப்போதும் மின்தடைகள் வழியே உணரிக்குள் கசியும் மின்சாரம் அதை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கக்கூடும். மின்தடைகளுக்குச் செல்லும் இணைப்பையும் சேர்த்தே துண்டிப்பது நன்று.

விலக்கிய மூன்று சில்லுகளையும் மீண்டும் பொருத்திப் பார்த்தோம். மூன்றும் பழுதின்றிப் பேசின. அவற்றுள் ஒன்றுதான் இப்போது நெல் அறையில் இருக்கிறது. திரையில் ஈரப்பதத்தின் கீழே, அது படிக்கப்பட்ட நேரத்தையும் மாணவர் காட்டச் செய்திருக்கிறார்.