மண்ணுக்குள் மறைந்திருக்கும் மருந்து

முதல் மழைக்கு எழும் மண்வாசனையை எல்லோரும் விரும்புகிறோம். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகை உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அந்த வாசனையில் முக்கியப் பங்கு உண்டு. நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவும் இதே வகையிலிருந்து வந்தவைதான்.

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இடத்துக்கும் உணவுக்கும் அவற்றிடையே ஓயாத போட்டி. எதிரியை ஒடுக்கச் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் ரசாயனமே நமக்கு மருந்தாகிறது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் மாணவராக இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் இப்படித்தான் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாடிக் அது.

அடுத்த இருபது ஆண்டுகளில் மண்ணிலிருந்து மருந்துகள் வரிசையாக வந்தன. பிறகு தேடியவர்களுக்குப் பழையவையே திரும்பத் திரும்பக் கிடைத்தன. காரணம், மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் நூற்றில் ஒன்றுதான் ஆய்வுக்கூடத் தட்டில் வளரும். மற்றவை நாம் கொடுக்கும் உணவை ஏற்பதில்லை.

பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்லாவா எப்ஸ்டீன், கிம் லூயிஸ் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். ரயில்வேயில் பொறியாளராக இருந்த என்னைக் கவர்ந்தது அதன் எளிமை. ஒரு சிறு தகட்டில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள். மண்ணை நீரில் கரைத்து, துளைக்கு ஒரு பாக்டீரியா வீதம் சேரும்படி நிரப்புகிறார்கள். இருபுறமும் மெல்லிய சவ்வால் மூடி, எடுத்த மண்ணிலேயே புதைத்துவிடுகிறார்கள். மண்ணின் சத்து சவ்வு வழியே உள்ளே வரும். பாக்டீரியா வெளியே போக முடியாது. ஐசிப் என்ற இந்தக் கருவியில் நூற்றுக்கு ஐம்பது வரை வளர்ந்தன.

இப்படிக் கிடைத்த சுமார் 10,000 பாக்டீரியாக்களைச் சோதித்து, மெய்ன் மாநில மண்ணிலிருந்து டெய்க்ஸோபாக்டின் என்ற மருந்துப் பொருளை 2015-இல் அறிவித்தனர். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பப் பயன்படுத்தும் செங்கல் போன்ற கொழுப்பு மூலக்கூறுகளையே இது பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் செங்கல்லை மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்கு எளிதல்ல. எனவே அப்போதைய சோதனைகளில் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் தோன்றவில்லை. 2023-இல் இதே முறையில் க்ளோவிபாக்டின் என்ற இன்னொன்றும் கிடைத்தது.

ஆனால் இவை இரண்டும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. கிருமிகளோ காத்திருப்பதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தனர்.

ஊர் டாக்டர் என்றோ எழுதிய பழைய சீட்டைக் காட்டி இங்கே மாத்திரை வாங்குவதும், போன தடவை மிஞ்சியதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் நம் வீடுகளில் நடக்கிறது. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுவோம். புதிய மருந்து வரும்வரை, இருக்கிற மருந்தின் பலத்தைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.