ஏப்பத்தில் வரும் காலை இட்லி

மதுரையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். "ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது, இவரு வேணும்னே பட்டினி கெடக்காரு" என்று வீட்டம்மாக்கள் புகார் சொல்வார்கள். நான் நோயாளி பக்கம் திரும்பிக்கொள்வேன். "அண்ணே, காலையில சாப்பிட்டது இன்னும் வயித்துலயே நிக்கிற மாதிரி இருக்கா?"

"ஆமா தாயி. ரெண்டு வாயிலயே வயிறு முட்டிருது. சாயங்காலம் ஏப்பம் விட்டா காலை இட்லி வருது."

இது அடமில்லை. இரைப்பை மந்தமாகிவிட்டது. நீண்டகாலச் சர்க்கரை நோய் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பைக் கெடுத்திருக்கலாம். சர்க்கரை இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் இது வருகிறது. அப்படிப்பட்ட சிலருக்கு இரைப்பை மந்தத்தைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தபோது ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் கூடியதை, 1998இல் அமெரிக்காவில் ராஸ், கூ என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். துளி கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை உணவைச் சாப்பிடவைத்து, 4 மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றிலேயே தங்கியிருந்தால் மந்தம் என்று உறுதி செய்வார்கள்.

டயாலிசிஸ் தொடங்கும்வரை புரதத்தைக் குறைக்கச் சொன்ன நாங்களே, தொடங்கிய பிறகு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறோம். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். அது உள்ளே போகாவிட்டால் சதை கரையும். கரைந்த இடத்தில் நீர் சேர்வதால் எடை மெஷின் பழைய எண்ணையே காட்டும், பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மந்த வயிற்றுக்குக் கஞ்சி, சூப் மாதிரி நீராகாரம்தான் சுலபம். ஆனால் சிறுநீர் பிரியாதவருக்குத் தண்ணீரே அளவுதானே! கஞ்சியும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் நான் குழைந்த சாதம், உதிர்த்த மீன், முட்டை வெள்ளைக்கரு என்று போகிறேன். ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸோ மிகக் குறைவு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, சின்னத் தட்டில் வைக்கச் சொல்வேன். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கொழுப்பு வயிற்றை இன்னும் தாமதப்படுத்தும். சாப்பிட்டதும் படுக்கவும் கூடாது.

ஆறு வேளையானால், சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் தடுக்கும் மாத்திரையை எந்தெந்த வேளையோடு போடுவது என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் இன்னும் கவனம். ஊசி நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். சோறுதான் குடலுக்கு வந்து சேராது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வாந்திக்கென்று மெடிக்கல் ஷாப்பில் மெட்டோகுளோப்ரமைட் வாங்கிப் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் விழுங்கினால் வாயும் நாக்கும் தானாகக் கோணத் தொடங்கலாம், மாத்திரையை நிறுத்தினாலும் சிலருக்கு அது நிற்பதில்லை.