கடல்நீர்த் தொட்டியிற் பாசியை அடக்குமாறு

இல்லத்திற் கண்ணாடித் தொட்டியமைத்துக் கடல்நீர் நிரப்பி மீன் வளர்ப்போர்க்குப் பெருந்தொல்லை தருவது பாசியேயாம். தெளிந்திருந்த கண்ணாடி சின்னாளிற் பசுமை படர்ந்து மங்குகின்றது. மயிர்போன்ற இழைகள் கற்களை மூடுகின்றன. எத்துணை முறை சுரண்டினும் அது மீண்டும் முளைக்கின்றது. இதன் காரணம் யாது? அதனைச் சிறிது ஆராய்வோம்.

பாசி தழைத்தற்கு ஒளியும் உரமும் வேண்டும். அவ்வுரத்தை இடுவோர் நாமே. மீன் உண்ணாது விட்ட இரையும் அதன் கழிவும் அழுகி அம்மோனியாவைத் தருகின்றன. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரையினின்று பாஸ்பேட்டும் நீரிற் கலக்கின்றது. பரந்த கடலில் இவை சிதறிப்போம். சிறு தொட்டியிலோ போக்கிடமின்றித் தங்கிப் பாசிக்கு உணவாகின்றன. ஆதலின், சுரண்டுதல் கிளையை வெட்டுதலன்றி வேரைக் களைதலாகாது.

வேரைக் களையும் வழிகள் சில உள. மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இரையிடல் வேண்டும். நாடோறும் ஆவியாகிக் குறைவது நீரேயன்றி உப்பன்று; ஆதலின் அக்குறையை நன்னீரால் நிரப்புக. குழாய்நீரிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருத்தல் கூடுமாதலின், தூய்மை செய்த நீரே ஏற்றது. பழைய நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது நீக்கி, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக் கரைத்த புதுநீரை வார்த்தலும் நலம். வெயில் நேரே படும் இடத்திற் றொட்டியை வையாமல், விளக்கொளியையும் நாளொன்றுக்கு எட்டுமணி நேர அளவில் நிறுத்துக.

மேயும் உயிர்களின் துணையும் வேண்டும். அவற்றின் அருமையை ஜமைக்காத் தீவின் கடல் காட்டிற்று. அங்குப் பாசி மேயும் மீன்கள் மிகுதியாய்ப் பிடிக்கப்பட்டமையின், அப்பணி கடல் முள்ளெலிகளையே சார்ந்து நின்றது. 1980-இல் வீசிய பெரும்புயல் பவளங்களை நொறுக்கியது. 1983-இல் ஒரு கொள்ளைநோய் கரிபியன் கடலெங்கும் அம்முள்ளெலிகளை மாய்த்தது. அதன்பின் பாசியே பரவியது. 1970-களின் இறுதியில் கடலடியிற் பாதிக்கு மேல் மூடியிருந்த பவளம், 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கினுங் குறைந்தது. நம் தொட்டியில் இத்தொழிலை நத்தைகள் செய்யும்.

சிலர் மருந்திட்டுப் பாசியைக் கொல்ல விரைகின்றனர். செம்பு கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் உடன் கொல்லும். ஒருங்கே மடிந்த பாசியோ, அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீனுக்கு இடர் விளைக்கும். தான் உண்ட உரத்தையும் நீருக்கே திருப்பித் தரும். பகையென எண்ணி நாம் எறிந்த படை நம் மீனின்மேலேயே பாய்கின்றது.

எல்லாப் பாசியும் தீயதன்று. கல்லின்மேற் செந்நிறமாய்ப் படியும் சுண்ணாம்புப் பாசி தொட்டிக்கு அழகேயாம். பாசியை வேரற ஒழித்தல் நம் நோக்கமன்று; அளவில் நிறுத்தலே நோக்கம். அதற்கு முதற்கண் அடக்கற்பாலது இரையிடும் நம் கையே.