ஒலிபெருக்கியின் உச்ச அளவும் தீவுகளின் பாதுகாப்பும்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, அந்தமான் நிக்கோபார் தீவுகளில், குறிப்பாகக் கார் நிக்கோபார், கச்சால் போன்ற தீவுகளில், பேரழிவை விளைவித்தது. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. எனினும், மையத்தின் செய்தி கடலோரக் குடியிருப்பைச் சென்றடைந்தால்தான் பயனுண்டு. நிலநடுக்க மண்டலத்தை ஒட்டியே தீவுகள் அமைந்திருப்பதால் அவகாசம் மிகக் குறைவு. ஆகவே, எச்சரிக்கைக்குப் பயன்படும் ஒலிபெருக்கி எவ்வளவு தூரம் கேட்கும் என்பது உயிர் காக்கும் கேள்வியாகிறது.

கணக்கும் உண்மையும்

ஒரு வாட் திறன் அளிக்கும்போது ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலிமட்டமே ஒலிபெருக்கியின் உணர்திறன் ஆகும். திறன் இருமடங்கானால் 3 டெசிபல் கூடும்; திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். எடுத்துக்காட்டாக, 105 டெசிபல் உணர்திறனுள்ள கூம்பு ஒலிபெருக்கிக்கு 100 வாட் அளித்தால், கணக்கின்படி ஒரு மீட்டரில் 125 டெசிபல் கிடைக்கும். 1,024 மீட்டரில் அது 65 டெசிபலாகிவிடும். காற்றும் மரங்களும் அதனை மேலும் குறைக்கும். அலையோசையோ எஞ்சிய ஒலியையும் அமிழ்த்தக்கூடும்.

ஆனால், 125 என்பது காகிதக் கணக்கே. மின்திறன் கூடக்கூடக் கம்பிச்சுருள் சூடேறி, அதன் மின்தடை உயர்கிறது. அளிக்கும் திறனுக்கேற்ப ஒலி உயர்வதில்லை. எனவே உண்மையான உச்சத்தை அளந்தே அறிய வேண்டும். இசையையும் பேச்சையும் போல ஏற்ற இறக்கமுள்ள சோதனை ஒலியைச் செலுத்தி, அதைப் படிப்படியாக உயர்த்தி, குறித்த தொலைவிலுள்ள ஒலிவாங்கியால் அளக்கின்றனர். உள்ளீட்டுக்கு இணையாக வெளியீடு உயராமலோ ஒலி சிதையாமலோ இருக்கும் கடைசிப் படியே உச்ச அளவு என்று கொள்ளுதல் தவறு. உயர்வும் தெளிவும் ஒருசேர நிலைக்கும் கடைசிப் படியே உச்ச அளவாகும். ஒலிப் பொறியியல் சங்கம் 2022-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் இத்தகைய முறையை வகுத்துள்ளது.

வேறுபாட்டின் விலை

3 டெசிபல் குறைவு அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால், 1,024 மீட்டர் வரை கேட்க வேண்டிய ஒலி அப்போது சுமார் 725 மீட்டரோடு நின்றுவிடும். எச்சரிக்கை எட்டும் பரப்பு பாதியாகும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பொது அவசரநிலைக்கு விலக்கு உண்டு. விதியைக் காக்கவும் உயிரைக் காக்கவும் தேவைப்படுவது ஒன்றே: சரியான அளவீடு. உப்புக்காற்று கருவிகளை அரிக்கும் தீவுகளில், அந்த அளவீட்டை ஒருமுறையோடு நிறுத்தாது, குறித்த கால இடைவெளியில் மீண்டும் மேற்கொள்வது அவசியமாகும்.