தியாகமா, கணக்கா?

ஓர் ஆணியின் கூர்முனையைச் சுவரில் வைத்து அடித்தால் இறங்கிவிடுகிறது. தலைகீழாக வைத்து அதே விசையோடு அடித்தால் காரைதான் பெயரும், ஆணி இறங்காது. விசை ஒன்றே, அது தாக்கும் பரப்புதான் வேறு. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று படித்திருப்பீர்கள். சதுரங்கத்தில் எதிரியின் ராஜா இருக்கும் பக்கத்தைத் தாக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓர் உதாரணம் பார்ப்போமா?

1889-ஆம் ஆண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு போட்டி. வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் இருபதே வயதான ஜெர்மானியர் இமானுவேல் லாஸ்கர். எதிரில் ஆஸ்திரியாவின் பாயர். 13 நகர்த்தல்கள் முடிந்தபோது இருவரிடமும் சமமான காய்கள். ஆனால் பாயரின் ராணி, ஒரு மந்திரி, ஒரு யானை ஆகியவை ராஜாவை விட்டு விலகி மறுபக்கம் நின்றன. லாஸ்கரின் இரு மந்திரிகளோ மூலைவிட்டங்களின் வழியே கறுப்பு ராஜா இருந்த திசையையே நோக்கி நின்றன. அந்த ராஜாவுக்கு முக்கியக் காவல் எஃப்6 கட்டத்தில் நின்ற குதிரை.

லாஸ்கர் தம் குதிரையை எச்5-இல் கொண்டுவந்து வைத்தார். பாயரின் குதிரை அதை வெட்டியது, காவலிடம் காலியாயிற்று! உடனே ஒரு மந்திரி எச்7 சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்தது. ராஜா மந்திரியை வெட்டியது. வெள்ளை ராணி குதிரையை வெட்டி மீண்டும் செக் கொடுத்தது. ராஜா பின்வாங்கியதும் இரண்டாவது மந்திரி ஜி7 சிப்பாயை வெட்டித் தானும் பலியாயிற்று. திறந்த வெளியில் நின்ற ராஜாவை ராணியும் யானையும் சூழ்ந்தன. மேட்டைத் தவிர்க்க, பாயர் தம் ராணியையே யானையின் முன் நிறுத்த வேண்டியதாயிற்று. யானை ராணியை வெட்ட, ராஜா யானையை வெட்டியது.

இப்போது கணக்குப் பாருங்கள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது வழக்கமான மதிப்பு. 14-ஆவது நகர்த்தல் முதல் லாஸ்கர் கொடுத்தவை: ஒரு குதிரை, இரு மந்திரிகள், ஒரு யானை. மொத்தம் 14. பெற்றவை: ஒரு ராணி, ஒரு குதிரை, இரு சிப்பாய்கள். அதுவும் 14!

சரிக்குச் சரி என்றால் இவ்வளவு பாடும் எதற்கு? விடை 22-ஆவது நகர்த்தலில் இருக்கிறது. லாஸ்கரின் ராணி டி7 கட்டத்துக்குச் சென்று, காவலின்றி நின்ற இரு மந்திரிகளையும் ஒருசேரத் தாக்கியது. ஒன்றைக் காத்தால் மற்றது போகும். அப்படியே ஒன்று போயிற்று. 38-ஆவது நகர்த்தலோடு பாயர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்தப் போட்டியில் லாஸ்கருக்குக் கிடைத்தது இரண்டாம் இடமே. முதலிடம் இங்கிலாந்தின் ஆமோஸ் பர்னுக்கு. ஆனால் 1894 முதல் 1921 வரை, 27 ஆண்டுகள் உலகச் சாம்பியனாக விளங்கியவர் லாஸ்கர். கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றவர்.

மாணவர்களே, காயைப் பலி கொடுக்கக் கை துடிக்கும்போது சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எதிரி ராஜாவைத் தாக்க அருகில் எத்தனை காய்கள்? காக்க எத்தனை? கடைசியில் கணக்கு எங்கே போய் முடிகிறது? விடை தெரிந்து கொடுத்தால் அது தியாகம். தெரியாமல் கொடுத்தால் வெறும் நஷ்டம்!