நடைபயணத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் கணக்கு

இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் ஊர் ஊராக விதை கொடுத்துக்கொண்டே நடந்து போகலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். முழக்கமும் துண்டறிக்கையும் எழுதுவதற்கு முன்னால் வேறொரு தாளில் சோற்றுக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருசத்துக்கு மேல் பேரேடு பார்த்தவன் நான். இருப்பு தெரியாமல் செலவு எழுதக் கூடாது என்பது பழகிப்போன புத்தி.

வழி புதிதல்ல. சேதுவுக்குப் போன யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாக நடந்த பாதைதான். பாம்பனில் 1914-இல் ரயில் பாலம் வந்தது, 1988-இல் சாலைப் பாலம் வந்தது. அதற்கு முன்னால் மண்டபம் வரை தரைவழி, பிறகு படகு. தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம் என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மடமும் சத்திரமும்தான் ஊர்ப் பெயராக நிற்கின்றன. ஒரு நாள் நடை தூரத்துக்குள் நிழல், சோறு, நன்னீர் மூன்றும் கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு. சேதுபதிகளும் தஞ்சை மராத்திய மன்னர்களும் இராமேசுவரம் சாலையில் சத்திரங்கள் கட்டியது இதற்காகத்தான்.

ஊர் மக்கள் துணை எவ்வளவு பெரிது என்பதற்கு 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரை சாட்சி. ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். சித்திரை வெயிலில் ஏறக்குறைய 150 மைல் நடை. அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கூட்டமும் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. நமக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் நம்ம பக்கத்து நிலைமை வேறு. இங்கே சோறு போட ஆள் உண்டு, தண்ணீர்தான் தட்டுப்பாடு. குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊரில் போய் இருபது பேர் உட்கார்ந்தால், அது அந்த ஊர்ப் பெண்கள் தலையில் ஏற்றும் பாரம். நிலத்தைக் காப்போம் என்று பேசப்போகிற கூட்டம் அதைச் செய்யலாமா?

இப்போது கணக்கு. மொத்தம் சுமார் 75 கிலோமீட்டர். முதல் நாள் உச்சிப்புளி, இரண்டாம் நாள் மண்டபம், மூன்றாம் நாள் இராமேசுவரம், நான்காம் நாள் அரிச்சல்முனை என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 18 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணி நேர நடை. வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வேர்வையாகப் போகும். முக்கால் லிட்டர் என்று வைத்தால் நடைக்கு மட்டும் சுமார் மூன்றரை லிட்டர். மீதிப் பொழுதுக்கு இரண்டு. ஆக ஒருவருக்கு ஐந்தரை லிட்டர் குடிக்க, இரண்டு லிட்டர் சமைக்க. இருபது பேருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் பத்துக் குடம். குளியலும் துவையலும் இதில் சேராது.

இந்தப் பத்துக் குடத்துக்கும் வழி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் இரண்டு பேர் வண்டியில் போய் எந்த ஊரணி குடிநீருக்கு, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், விலைக்கு வாங்கினால் என்ன ரேட் என்று எழுதிவர வேண்டும். காசு கொடுத்தே வாங்குங்கள். கையில் ஆளுக்கு இரண்டு லிட்டர், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிரப்புதல். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நிழலே கிடையாது. மண்டபத்திலேயே நிரப்பிக்கொண்டு விடியலில் கடந்துவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் கடைசி வரைக்கும் மணலும் கடலும்தான். திரும்பி வருவதற்கும் சேர்த்துத் தண்ணீர் வேண்டும்.

தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். அதிசயம் ஒன்றுமில்லை. மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசானது, அதனால் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடியை உறிஞ்சிவிட்டால் கீழே 40 அடி உப்பு ஏறும். அதனால்தான் அகப்பையால் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். கரையோரத் தோட்டத்தில் ஆழமாகப் போர் போட்டு மோட்டார் ஓட்டுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். நடைபயணிகள் அந்த ஊற்றில் கை வைக்காமல் இருப்பது மரியாதை.

ஊரணித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. உவர்நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது, குடித்தால் தாகம்தான் கூடும். வேர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் தப்பு. நடுவில் நீர்மோர், உப்புப் போட்ட நீராகாரம், எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைப் பற்றி டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ளவர் இவ்வளவு நடந்தால் நாளுக்குச் சுமார் 2,900 கலோரி தேவை. நம் வயல் விளைச்சலே இதைத் தரும். காலையில் 150 கிராம் சிவப்பரிசி அவல், கூடவே இரண்டு வாழைப்பழம். நடக்கும்போது 75 கிராம் வறுத்த நிலக்கடலை, 50 கிராம் கருப்பட்டி, 50 கிராம் எள்ளுருண்டை. மதியம் 150 கிராம் அரிசிச் சோறும் 50 கிராம் பருப்பில் குழம்பும். ராத்திரி 150 கிராம் கம்பு அல்லது கேழ்வரகு மாவில் களியோ கூழோ. சமையல் எண்ணெயையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். சித்திரைகார், குழியடிச்சான் வைத்திருப்பவர்கள் அதையே கொண்டு வரலாம். விதை கொடுக்கும் ஊரில் அந்தச் சோற்றையும் ருசி காட்டின மாதிரி ஆகும்.

இதில் முதுகில் சுமப்பது அவல், கடலை, கருப்பட்டி, எள்ளுருண்டை மட்டும். நாளுக்கு 325 கிராம், நாலு நாளுக்கு 1.3 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ. ஆகக் கனம் தண்ணீரில்தான் இருக்கிறது, பையில் வேறு சாமானைக் குறையுங்கள். அவலுக்கு அடுப்பு வேண்டாம், கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறினால் போதும். கட்டுச்சோறு என்றால் புளிச்சோறுதான். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் அதைத் தாங்கும். தேங்காய்ச் சட்னியையும் தயிர்ச்சோற்றையும் இந்தப் புழுக்கத்தில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

காலம் தை, மாசி. விடிகாலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நடந்தால் 18 கிலோமீட்டர் முடிந்துவிடும். சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தலைசுற்றி யாராவது பேச்சுக் குழறினால் பயணத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நம்மில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கிய பத்துக் குடத்துக்கு ஈடாக, தங்கும் ஊர் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் ஊரணி வரத்துக்கால் சுத்தம் செய்வதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். வரவும் செலவும் அப்போதுதான் சரியாக வரும்.