பறவைபோலா, பறவைக்கா?

ஜெர்மன் மொழியில் ‘ஃபோகல்ஃப்ரை’ என்றொரு கூட்டுச்சொல். ஃபோகல் பறவை, ஃப்ரை கட்டற்ற என்று பொருள்படும். கேட்டால் சிட்டுக்குருவி ஞாபகம் வரும். ஆனால் பழைய சட்டத்தில் இது, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டவனைக் குறித்தது. அவனை யார் கொன்றாலும் கேள்வி கிடையாது. பிணத்தைப் பறவைகள் கொத்தட்டும் என்று விட்டதால் வந்த பெயர் என்பார்கள். அது பாதிக் கதைதான். தொடக்கத்தில் இச்சொல் எந்த ஆண்டைக்கும் ஊழியம் செய்யக் கடமைப்படாதவன் என்ற நல்ல பொருளிலும் வழங்கியது. அப்போது அது நம் இலக்கணப்படி உவமைத்தொகை: பறவைபோல் கட்டற்றவன். 1507இல் பாம்பெர்க்கில் வெளிவந்த குற்றவியல் சட்டத்திலோ, கொலைகாரனைத் தள்ளிவைக்கும் வாசகம் அவனை வானத்துப் பறவைக்கும் காட்டு விலங்குக்கும் நீரிலுள்ள மீனுக்கும் விட்டுவிடுகிறது. மறைந்திருக்கும் உருபு ‘கு’ ஆகிவிட்டது. விடுதலை இப்போது பறவைக்கு, அவன் இரை.

ஒலி ஒன்றாக அமைந்த இரு வேறு சொற்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். ‘ஃப்ரை’யின் வேரைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துப் புழங்கும் ‘பிரியம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. பழங்கால வீட்டில் பிரியத்துக்குரிய உறவினர் ஒருபுறம், அடிமைகள் மறுபுறம். அந்த உறவினரே ‘ஃப்ரை’. ஆக, அன்றைய சுதந்திரம் தனித்துப் பறப்பதல்ல, நமக்கென்று நாலு பேர் இருப்பது. ஆண்டை இல்லாதவனுக்குக் காப்பவனும் இல்லை என்பதால், நல்ல பொருளுக்குள்ளேயே கெட்ட பொருள் ஒளிந்திருந்தது. தள்ளிவைக்கப்பட்டவனுக்கு இருந்த இன்னும் பழைய பெயர் ‘ஃப்ரீட்லோஸ்’, அமைதியற்றவன்; அமைதியைக் குறிக்கும் ‘ஃப்ரீட’வும் இதே வேரில் முளைத்ததுதான்.

தள்ளிவைப்பது என்றால் அந்த நாலு பேரைப் பறிப்பது என்பது, 1521இல் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரைத் தள்ளிவைத்த வோர்ம்ஸ் ஆணையில் கண்கூடு. அவருக்கு யாரும் தங்க இடமோ, உண்ணச் சோறோ, குடிக்கத் தண்ணீரோ தரக்கூடாது என்றது அது. வாளைவிட, ஒரு குவளைத் தண்ணீர் நீட்டும் கையைத்தான் அந்த ஆணை குறிவைத்தது. நீட்டக் கை இருந்ததால்தான் லூதர் பிழைத்தார்: சாக்சனி ஆட்சியாளர் ஃபிரடெரிக் தன் ஆட்களைக்கொண்டே அவரைக் கடத்துவதுபோல் நாடகமாடி, வார்ட்பர்க் கோட்டையில் மறைத்துவைத்தார். தாடி வளர்த்து, வேறு பெயரில் அங்கே இருந்தபடி புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தார் லூதர்.

சொல்லின் பழைய நல்ல பொருளும் செத்துவிடவில்லை. 1887இல் தத்துவவாதி நீட்சே தன் பாடல்களுக்கு ‘இளவரசன் ஃபோகல்ஃப்ரை’ என்று தலைப்பிட்டபோது பறவையின் துள்ளலும் அதில் கேட்டது. அதற்கு இருபது ஆண்டு முன்பு ‘மூலதனம்’ நூலில், நிலத்திலிருந்து விரட்டப்பட்ட இங்கிலாந்துக் குடியானவர்களுக்கு மார்க்ஸ் சூட்டிய அடைமொழியும் இதுவே: பண்ணையடிமைத்தனம் போயிற்று, கூடவே உழுத நிலமும் போயிற்று.